மழலையர் வகுப்பில் இரு மொழிகள்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. எனக்கு முன் பேசிய நண்பர்கள் வாழ்த்த வேண்டிய அளவுக்கு வாழ்த்திவிட்டனர். ஆதலின் நான் நேரே நம்முன் நிற்கும் வழக்கிற்கு வந்துவிடுகிறேன். நம் சங்கம் நடத்தும் மழலையர் தொடக்கப் பள்ளியை வரும் கல்வியாண்டு முதல் முழு ஆங்கில வழிப் பள்ளியாக மாற்ற வேண்டும். வகுப்பறைக்குள் தமிழில் பேசும் குழந்தைக்குச் சிறு தண்டமும் விதிக்கலாம் என்று உறுப்பினர் சிலர் கையொப்பமிட்டு விண்ணப்பம் அளித்துள்ளனர். மற்றொரு சாரார், ஐந்தாம் வகுப்பு முடியும் வரை நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் வாடையே வேண்டா என்கின்றனர். இரண்டு பக்கத்திலும் எனக்கு உறவினர் உண்டு. முதல் விண்ணப்பத்தில் என் மருமகனின் கையொப்பமே இருக்கிறது. (சிரிப்பு)

இரண்டு பக்கத்தாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது என் எண்ணம். ஒரு குழந்தையின் தலைக்குள் ஒரு மொழிக்குத்தான் இடம் உண்டு. ஒன்று உள்ளே வந்தால் மற்றொன்று வெளியேற வேண்டும் என்று இருவருமே நம்புகின்றனர். அந்நம்பிக்கை எனக்கும் இருந்தது. அதனால் விளைந்த ஒரு குற்றத்தை இம்மேடையில் ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடர்கிறேன்.

1979-ஆம் ஆண்டு, கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியனாகச் சேர்ந்தேன். பயிற்சி முடித்த மிடுக்கு ஒருபுறம். ஆதிதிராவிடர் தெருவிலிருந்து ஆசிரியராக வந்த மிகச் சிலருள் ஒருவன் என்ற பெருமிதம் மறுபுறம். முதல் வகுப்பில் அருந்ததியர் தெருவிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் இருந்தான். பள்ளி திறந்து இரண்டு மாதங்கள் ஆகியும் வாய் திறவாதவன். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே பென்சிலால் 'மந்தம்' என்று குறித்து வைத்திருந்தேன். ஒருநாள் மேசைமீது வாழைப்பழங்களை வைத்து, "எத்தனை?" என்று அவனைக் கேட்டேன். பழங்களைப் பார்த்தான்; என்னைப் பார்த்தான்; முதன்முறையாக வாய் திறந்து, "மூடு" என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியனைப் பார்த்து வாயை மூடு என்கிறானே என்று எனக்குச் சினம் மூண்டது. அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. மீண்டும் பழங்களைப் பார்த்து, இம்முறை விரல்விட்டு எண்ணி, முன்னைவிட மெல்லிய குரலில் மறுபடியும் "மூடு" என்றான். அப்போது நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவனுடைய அக்காள் வாசற்படியில் வந்து நின்று, "சார், அவன் மூணுன்னுதான் சார் சொல்றான். எங்க ஊட்டுல மூணுக்கு மூடுன்னுதான் சொல்லுவோம்" என்றாள்.

தெலுங்கில் மூன்று என்னும் எண்ணின் பெயர் 'மூடு'. மேசைமேல் இருந்த பழங்களும் மூன்றே. கொங்கு நாட்டு அருந்ததியர் பலர் இல்லத்தில் தெலுங்கும், சிலர் கன்னடமும் பேசுவர் என்பது நான் அறியாத செய்தி அன்று. அறிந்திருந்தும், அதற்கும் வகுப்பறைக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு தெரு தள்ளிப் பிறந்த எனக்கே தோன்றவில்லை என்றால், ஊர்த் தெருவிலிருந்து வரும் ஆசிரியரை நான் எவ்வாறு குறை சொல்வேன்?

மறுநாள் முதல் அப்பெண் காலையில் அரைமணி நேரம் என் வகுப்பில் அமர்ந்தாள். நான் தமிழில் சொல்வதை அவள் தெலுங்கில் சொல்வாள்; பிறகு பிள்ளைகள் தமிழில் சொல்வர். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்று நானும் கற்றுக்கொண்டேன். பொங்கல் விடுமுறை வருமுன் அச்சிறுவன் தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான். பதிவேட்டிலிருந்த பென்சில் குறிப்பை அழித்தேன். தெலுங்கு அவனுடைய தமிழுக்கு இடையூறு என்று அதுவரை எண்ணியிருந்தேன். அது தமிழுக்குள் அவனை ஏற்றிவிட்ட படிக்கட்டாயிற்று. இருமொழிக் கல்வி என்னும் பெயரை அப்போது நான் கேள்விப்பட்டதும் இல்லை.

பின்னர் நூலகங்களில் தேடிப் படித்தபோது, என் பென்சில் குறிப்பை உலகத்து அறிஞர்கள் மையினாலேயே எழுதியிருக்கக் கண்டேன். 1923-ஆம் ஆண்டு வேல்சு நாட்டில் சேயர் என்னும் ஆய்வாளர், 7 முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,400 குழந்தைகளைச் சோதித்து, வேல்சு மொழியும் ஆங்கிலமும் பேசும் நாட்டுப்புறக் குழந்தைகள் ஆங்கிலம் மட்டும் பேசுவோரைவிட அறிவுத் தேர்வில் தாழ்ந்திருப்பதாக எழுதினார். இரு மொழிகள் குழந்தையைக் குழப்புகின்றன என்று அதற்குப் பொருள் கூறப்பட்டது. ஆனால் அவருடைய கணக்கிலேயே வேறொரு செய்தி கிடந்தது. நகரத்துக் குழந்தைகளிடையே அவ்வேறுபாடு காணப்படவில்லை. மொழி இரண்டானதே குற்றம் என்றால் நகரத்திலும் அக்குற்றம் விளைந்திருக்க வேண்டுமன்றோ? நாட்டுப்புறக் குழந்தைக்குப் பள்ளிக்கு வரும் வரை ஆங்கிலத்தோடு பழக்கம் குறைவு; வாழ்க்கை வசதியும் குறைவு. தேர்வு அளந்தது அதனை. அமெரிக்காவிலும் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அவர்கள் நன்கறியாத ஆங்கிலத்தில் தேர்வு வைத்து, அவர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர் என்று எழுதியவர்கள் உண்டு. வறுமையை அளந்துவிட்டு அதற்கு அறிவின்மை என்று பெயரிடுவது நாம் பல தலைமுறையாகக் கேட்டுப் பழகிய கதைதான்.

இந்நிலையை மாற்றிய ஆய்வு 1962-இல் கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரிலிருந்து வெளிவந்தது. எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்னும் இருவர், ஆறு பிரெஞ்சுப் பள்ளிகளிலிருந்து 10 வயதுக் குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, குடும்ப வசதியை ஒப்பவைத்து ஒப்பிட்டனர். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் தேர்ந்த குழந்தைகள், சொல் சார்ந்த தேர்விலும் சொல் சாராத தேர்விலும் மேம்பட்டு நின்றனர். இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டவை இரு மொழிகளிலும் ஏற்கெனவே நன்கு தேறிய குழந்தைகள். இரு மொழி அறிந்தால் மூளையே கூர்மையாகிவிடும் என்ற கருத்தின் மேல் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. பிற்காலத்தில் நடந்த பெரிய ஆய்வுகள் சில அக்கருத்துக்குத் துணை நிற்கவில்லை. ஆதலின் இரு மொழி கற்றால் பிள்ளை மேதையாவான் என்று நான் உங்களுக்கு விளம்பரம் செய்ய மாட்டேன். இரு மொழிகளால் குழந்தை மழுங்காது என்பது மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிவிட்டது.

வேறொரு நன்மையை என் வகுப்பறையிலேயே கண்டிருக்கிறேன். ஒரு மொழி மட்டும் அறிந்த சிறு குழந்தைக்குப் பெயரும் பொருளும் ஒன்றே. நிலாவுக்கு நிலா என்றுதான் பெயர் இருக்க முடியும் என்று அது எண்ணும். இரு மொழிகளில் வளரும் குழந்தையோ, பெயர் வேறு பொருள் வேறு என்பதை மிக இளமையிலேயே கண்டுகொள்கிறது. மூன்று என்பதும், மூடு என்பதும், த்ரீ என்பதும் அந்த மூன்று பழங்களே. மொழியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், மொழியைப் பற்றியே எண்ணத் தொடங்குகிறது. இலக்கணம் கற்கும்போது இவ்வறிவு பெரிதும் கைகொடுக்கிறது. இப்பயன் இரண்டு மொழிகளும் உயிரோடு இருக்கும் குழந்தைக்கே கிட்டும். ஒன்றை மறக்கடித்து மற்றொன்றைத் திணித்த குழந்தைக்கு அன்று.

வாலஸ் லாம்பர்ட் இவ்விரண்டையும் பிரித்து, ஒன்றைக் கூட்டும் இருமொழி என்றும் மற்றொன்றைக் கழிக்கும் இருமொழி என்றும் பெயரிட்டார். எனக்குத் தெரிந்தவரை மொழிக் கல்வியைப் பற்றி இத்துணைச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. முழு ஆங்கில வழி கேட்கும் நண்பர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சான்று மான்ட்ரியாலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில் 1965-இல் தொடங்கிய பள்ளி. அங்கே ஆங்கிலம் பேசும் குழந்தைகளை முதல் நாளிலிருந்தே பிரெஞ்சு மொழியில் படிக்க வைத்தனர். பிள்ளைகள் பிரெஞ்சும் கற்றனர், ஆங்கிலமும் கெடவில்லை. உண்மைதான். ஆனால் அப்பிள்ளைகள் யார்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். வீட்டில், கடையில், வானொலியில், அந்தக் கண்டம் முழுவதிலும் அவர்கள் மொழியே கோலோச்சுகிறது. ஆசிரியருக்கு இரு மொழிகளும் தெரியும். தொடக்கத்தில் குழந்தை ஆங்கிலத்தில் கேட்டால் அவர் புரிந்துகொண்டு பிரெஞ்சில் விடை சொல்வார். எவரும் தண்டம் விதிக்கவில்லை. சில ஆண்டுகளில் ஆங்கிலமும் ஒரு பாடமாகச் சேர்ந்துகொண்டது. அவ்வளவு பாதுகாப்போடு நீருக்குள் இறங்கிய பிள்ளையைக் காட்டி, நம் பிள்ளையைக் கிணற்றில் தள்ளலாமா?

தள்ளப்பட்ட பிள்ளைகளின் வழக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஆங்கிலம் அறியாத சீனக் குழந்தைகள் ஏறத்தாழ 1,800 பேர் எந்தத் தனி உதவியும் இன்றி ஆங்கில வகுப்புகளில் உட்கார வைக்கப்பட்டிருந்தனர். எல்லோருக்கும் ஒரே பள்ளி, ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர்தானே, இதில் வேற்றுமை எங்கே என்று நிர்வாகம் வாதிட்டது. 1974-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. புரியாத மொழியில் பாடம் நடக்கும்போது எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்ததால் சமத்துவம் வந்துவிடாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. கிணறும் கோயிலும் பள்ளியும் எல்லோருக்கும் பொது என்று சட்டம் சொன்ன பின்னும் உள்ளே என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் நாம். அத்தீர்ப்பின் பொருள் நமக்கு விளங்காமல் போகாது.

இனி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களின் முகத்தில் நான் படிக்கும் கேள்விக்கு வருகிறேன். "தாய்மொழி, தாய்மொழி என்று மேடையில் முழங்குவோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நம் பிள்ளைகளுக்கு மட்டும் தமிழை விட்டுவைப்பது ஏன்?" என்பது அக்கேள்வி. இதில் சினம் இருக்கிறது; அச்சினத்தில் நியாயமும் இருக்கிறது. ஆங்கிலம் நமக்குப் பல கதவுகளைத் திறந்த மொழி. அண்ணல் அம்பேத்கருக்கு வடமொழி வகுப்பின் கதவு அடைக்கப்பட்டது. ஆங்கிலம் அவரை நியூயார்க்குக்கும் இலண்டனுக்கும் கொண்டு சென்றது. இவ்வுண்மையை மறைத்துவிட்டுத் தமிழின் இனிமையை மட்டும் நான் பேசினால் நீங்கள் எழுந்து போவது முறையே.

ஆயினும் நம் முன்னோர் ஆங்கிலத்தை எவ்வாறு கையாண்டனர் என்று பாருங்கள். 1920-இல் மூக்நாயக், 1927-இல் பஹிஷ்கிருத் பாரத் என்று அம்பேத்கர் நடத்திய இதழ்கள் மராத்தி மொழி இதழ்கள். 1936-இல் சாதியை ஒழிப்பது குறித்து அவர் எழுதி, நிகழ்த்தப்படாமலே நூலாக வெளிவந்த உரை ஆங்கிலத்தில் உள்ளது. 1893-இல் 'பறையன்' என்று இதழுக்குப் பெயரிட்டுத் தமிழில் நடத்திய இரட்டைமலை சீனிவாசன், 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நமக்காக வாதாடினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரோ பன்மொழி கற்றவர். தம் மக்களோடு பேச ஒரு மொழி. ஆட்சியாளரோடும் உலகத்தோடும் வழக்காட ஒரு மொழி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை அவர்கள் விட்டிருந்தால், தலைவரற்ற மக்களும் மக்களற்ற தலைவரும் அல்லவா நாம் பெற்றிருப்போம்? புனே நகரில் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் புலே, 1854-இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பில் ஆங்கிலம் கற்குமாறு தம் மக்களை வற்புறுத்துகிறார். அதனை அவர் எழுதிய மொழி மராத்தி.

ஆந்திரத்தில் அண்மையில் நடந்ததும் நமக்குப் பாடமாகும். 2019 நவம்பரில் அம்மாநில அரசு, அரசுப் பள்ளிகளில் 1 முதல் 6 வரையுள்ள வகுப்புகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்கள் பலர் அதனை வரவேற்றனர். தாய்மொழி அன்பர்கள் எதிர்த்தனர். 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளியது. இவ்வழக்காடலுக்கு நடுவே அமைதியாக ஒரு நற்பணியும் நடந்தது. ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்குமாக, ஒரே பாடத்தை இரு மொழிகளிலும் அச்சிட்ட பாடநூல்கள் குழந்தைகளின் கைக்கு வந்தன. என்னைக் கேட்டால், அந்த ஆணையைவிட அந்தப் புத்தகத்தையே நான் பெரிதாக மதிப்பேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்த தாய் ஒருத்தி மாலையில் விளக்கடியில் அமர்ந்து தன் குழந்தையோடு அந்த எதிர்ப்பக்கத்தைப் படிக்கலாம். முழு ஆங்கிலப் புத்தகமோ அத்தாயை அந்த விளக்கடியிலிருந்து எழுப்பி அடுக்களைக்கு அனுப்பிவிடுகிறது. அவள் படித்த ஐந்து வகுப்பும் அந்த மாலையில் வீணாகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடம் தாய்க்கு அயலூர் ஆகிவிட்டால், அடுத்து நாம் தேடி ஓடுவது தனிப்பயிற்சி வகுப்பைத்தான். அதற்கு மாதந்தோறும் எவ்வளவு ஆகிறது என்பதைத் தாய்மார்களே சொல்வீர்கள்.

வகுப்பறையில் இதனை எப்படிச் செய்வது என்று செயலாளர் அவர்கள் கேட்டிருந்தார்கள். இது எனக்குப் பிடித்த பகுதி. சற்று நீட்டிப் பேசினால் பொறுத்தருள்க.

குழந்தைக்குப் படிப்பு என்பது ஒருமுறைதான் வருகிறது. அதாவது, கோடுகளும் சுழிகளும் ஒலியைக் குறிக்கின்றன என்ற விந்தை ஒருமுறை மனத்தில் பற்றிக்கொண்டால் போதும். அடுத்த மொழிக்கு அதே அறிவு உதவும். இவ்விந்தையைக் கற்பிக்கத் தமிழ் எழுத்து நல்ல கருவி. எழுத்து 247 என்று மலைக்க வேண்டா. 12 உயிரும் 18 மெய்யும் சேரும் முறை பிடிபட்டால் எஞ்சியவை பின்தொடர்ந்து வரும். பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத்து 26 தான். ஆனால் 'பட்' என்னும் சொல்லிலும் 'புட்' என்னும் சொல்லிலும் நடுவில் நிற்கும் எழுத்து ஒன்றே, ஒலி வேறு. வீட்டில் அந்தச் சொற்களைக் கேட்டே அறியாத குழந்தை, எந்த ஒலி சரி என்று எதைக் கொண்டு முடிவு செய்யும்? ஆதலின் கண்ணுக்கும் கைக்கும் முதலில் தமிழ். காதுக்கும் வாய்க்கும் அதே நாளிலிருந்து ஆங்கிலம். ஆங்கிலத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. மூன்றரை வயதிலேயே வரட்டும். ஆனால் வா, உட்கார், ஓடு, கொடு என்னும் செயலோடும், பாட்டோடும், விளையாட்டோடும் வரட்டும். எழுதுபலகையில் 26 எழுத்தை நூறுமுறை எழுதும் தண்டனையாக வர வேண்டா.

கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது. பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். கடன் என்னும் சொல்லை நம் தெருக் குழந்தைக்கு விளக்கவே தேவையில்லை. (சிரிப்பு) தமிழில் அக்கருத்தை ஒருமுறை விளங்கிக்கொண்ட குழந்தை, ஆங்கிலத்தில் அக்கணக்குக்குரிய சொற்களை மட்டும் கற்றால் போதும். கணக்கை மறுபடி கற்க வேண்டியதில்லை. புரியாத மொழியில் கருத்தையும் சொல்லையும் ஒருசேரக் கற்கும் குழந்தை இரண்டையும் மனப்பாடம் செய்கிறது. தேர்வில் எண்ணை மாற்றிக் கேட்டால் விழித்து நிற்கிறது.

மருமகன் கேட்கிறார்: "ஒரே ஆண்டில் பிள்ளை ஆங்கிலம் பேசுகிறதே, மாமா?" பேசும். கனடாவில் குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்னும் அறிஞர் கண்ட உண்மை இது: விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது, பாடநூலின் ஆங்கிலம் வருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. திறந்த வாசலில் எல்லாத் திசையிலும் ஆங்கிலம் ஒலிக்கும் நாட்டிலேயே இந்நிலை. நம் தெருவில் ஆங்கிலம் எங்கே ஒலிக்கிறது? 'குட் மார்னிங்' கேட்டு மகிழ்ந்த பெற்றோர், எட்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் ஏறவில்லை என்று வந்து நிற்கும்போது காலம் கடந்துவிடுகிறது.

நைஜீரியா நாட்டில் பபதுண்டே பஃபுன்வா என்பவர் தலைமையில் 1970-இல் தொடங்கிய ஈஃபே திட்டத்தை இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன். தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் யொரூபா மொழியிலேயே பாடம். ஆங்கிலம் ஒரு பாடமாக, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியரால் கற்பிக்கப்பட்டது. வழக்கம்போல் மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆங்கில வழிக்கு மாறிய வகுப்புகளோடு ஒப்பிட்டபோது, இப்பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முன்னின்றதோடு, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. அதனைச் செய்தது தாய்மொழி மட்டும் அன்று; ஆங்கிலம் உண்மையாகவே அறிந்த அந்த ஆசிரியரும்தான். ஆங்கிலம் வேண்டா என்னும் நண்பர்கள் இப்பாதியை மறந்துவிடக் கூடாது. தமிழ் வழி என்ற பெயரில் ஆங்கிலத்தைத் துணைவாசல் வழியாகக் கூட விடாத பள்ளியும் நம் பிள்ளைக்கு இழைப்பது அநீதியே.

இடையில் ஒரு நடைமுறைச் செய்தி. தமிழ் வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் வந்தது; பின்னர் வந்த திருத்தம் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியிலேயே நடந்திருக்க வேண்டும் என்கிறது. 2021 திசம்பரில் வந்த ஆணைப்படி மாநிலப் போட்டித் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு பெற வேண்டும். நம் பள்ளியின் பெயர்ப்பலகையை மாற்ற விரும்புவோர் இவ்விரண்டையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். முதல் வகுப்பில் நாம் இடும் கையொப்பம், அப்பிள்ளை 21 வயதில் விண்ணப்பம் நிரப்பும்போது எதிரில் வந்து நிற்கும்.

ஆதலின் செயற்குழுவின் முன் நான் வைப்பது இது. பள்ளி தமிழ் வழியாகவே பதிவில் இருக்கட்டும். கழுத்துப்பட்டிக்கும் புதிய பெயர்ப்பலகைக்கும் ஒதுக்கக் கருதிய தொகையைக் கொண்டு, ஆங்கிலத்தைத் தயக்கமின்றிப் பேசவும் பேச வைக்கவும் வல்ல ஆசிரியை ஒருவரை அமர்த்துவோம். நாள்தோறும் ஒரு மணி நேரம் மழலையர் அவரோடு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து கணக்கும் அறிவியலும் இரு மொழிச் சொற்களோடு நடக்கட்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரு மொழியும் அமைந்த பாட ஏடுகளை நம் ஆசிரியர்களே எழுதட்டும். அதற்கு உதவ நான் இருக்கிறேன். கண் பார்வை இன்னும் நன்றாகவே உள்ளது. தமிழில் பேசினால் தண்டம் என்னும் வரியை விண்ணப்பத்திலிருந்து அடித்துவிடுவோம். நம் பாட்டன்மாரைப் பேசக்கூடாது என்று சொன்னவர்கள் அயலார்; நம் பேரக்குழந்தைகளிடம் அதனை நாமே சொல்ல வேண்டா.

தெலுங்கு பேசும் குழந்தைகளை இவ்விண்ணப்பங்கள் இரண்டுமே மறந்துவிட்டன. தமிழ் வழி கேட்டவரும் தாய்மொழி என்றே எழுதியிருக்கின்றனர். யாருடைய தாய்மொழி என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நம் மழலையர் வகுப்பில் இவ்வாண்டு அத்தகைய குழந்தைகள் ஒன்பது பேர் இருக்கின்றனர். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு 1956-இலேயே சேர்க்கப்பட்டது. தனிப் பள்ளி தொடங்க நம்மால் இயலாது. முதல் ஓராண்டு அக்குழந்தைகளுக்கு அவர்கள் மொழியில் கதை சொல்லவும், பாடத்தை எடுத்துச் சொல்லவும் ஒருவர் வகுப்பில் இருந்தால் போதும்.

அந்த ஒருவர் யார் என்பதற்கும் விடை வைத்திருக்கிறேன். 1979-இல் என் வகுப்பு வாசலில் வந்து நின்ற அந்த நான்காம் வகுப்புச் சிறுமி, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு நூற்பாலை வேலைக்குப் போனார். மந்தம் என்று நான் எழுதிய தம்பி பத்தாம் வகுப்பு வரை படித்தான்; அவனைப் படிக்க வைத்த பெண்ணை நான் தடுத்து நிறுத்திப் பள்ளியில் வைத்துக்கொள்ளவில்லை. அதுவும் என் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். அவருடைய பேத்தி இப்போது நம் மழலையர் வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போய், வாரம் மூன்று நாள் வகுப்புக்கு வந்து கதை சொல்ல முடியுமா என்று கேட்டேன். "எனக்கு என்னங்க சார் தெரியும், அஞ்சாவதுதானே" என்றார். பிறகு, "எந்த நேரத்துக்கு வரணுங்க?" என்று கேட்டார். அவருக்கு உரிய மாத ஊதியத்தை வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்குமாறு கோரும் கடிதத்தைச் செயலாளர் அவர்களிடம் இம்மேடையிலேயே அளிக்கிறேன்.